சாமியிடம் சாவி கேட்டது

அந்தக் கார்த்திகையில் எங்கள் பள்ளிக்கூட வண்டிகளில் ஒன்று மட்டும் சரணம் சொல்லிக்கொண்டே வாசலுக்குள் நுழையும். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் ‘சாமியே’ என்று கூப்பிடுவார்கள். டிரைவர் சீட்டிலிருந்து ‘சரணம் ஐயப்பா’ என்று பதில் வரும். வாசலில் நிற்கும் டீச்சர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தாளாளர் மாடியிலிருந்து பார்த்துச் சிரிப்பார். நானும் என் வண்டி, என் டிரைவர் என்ற மிதப்பில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அந்தச் சத்தம் எதற்காகப் போடப்பட்டது என்று தெரிந்த பிறகு, எங்கே சரணம் கேட்டாலும் என்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடிவதில்லை.

அப்போது நான் அந்தப் பள்ளியின் வண்டிகளுக்கெல்லாம் இன்சார்ஜ். அதற்கு முன்னால் அங்கேயே டிரைவர். ஆட்களை வைத்து வேலை வாங்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான், கத்துவது. வண்டி லேட்டா, கத்து. டயர் தேய்ந்ததா, கத்து. லீவு கேட்கிறானா, கேட்டு முடிப்பதற்குள் கத்து. ஷெட்டில் நின்று நான் போடும் சத்தம் ஆபீஸ் வரை கேட்கும் என்பதில் ஒரு பெருமைகூட இருந்தது. ஒருநாள் ஒரு டிரைவரை நான் திட்டியது பக்கத்து வகுப்பறையில் அட்சரம் பிசகாமல் விழுந்து, பிள்ளைகள் அதை வீட்டில் போய் ஒப்பித்துவிட்டார்கள். பெற்றோர் திரண்டு வந்தார்கள். தாளாளர் என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். அதைவிடப் பெரிய தண்டனையாக ஒன்று கொடுத்தார். திருச்சியிலிருந்து ஒரு கோச் வருவார், ஆட்களை மேய்க்கிற வேலையில் இருப்பவர்களைப் பழக்குகிறவர், அவரிடம் நான் உட்கார்ந்து பேச வேண்டும் என்றார்.

கோச் என்றதும் கழுத்தில் விசில் தொங்குகிற ஆளைத்தான் எதிர்பார்த்தேன். வந்தது என்னைவிட வயதில் சின்ன ஒரு பெண். பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் குடையோடு ஷெட்டைத் தேடிக்கொண்டு அவரே வந்தார். எங்களுக்குக் கொடுத்த இடம் பழைய கம்ப்யூட்டர்களை உறை போட்டு மூடி வைத்திருந்த அறை. எனக்கு அறிவுரை சொல்லப் போகிறார், இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவரோ ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. கேள்வி கேட்டார், பிறகு வாயை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

“உங்க டிரைவருங்க உங்ககிட்ட எதைச் சொல்ல மாட்டாங்க?” என்பதுதான் முதல் கேள்வி.

“எங்கிட்ட மறைக்க அவங்களுக்கு என்னங்க இருக்கு?”

“ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. அங்கே கத்த முடியாது. கத்தியதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். உறை போட்ட கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அவசரப்படவில்லை. கடைசியில் நானே, “நான் கத்துவேன்னு பயந்து ஏதாச்சும் சொல்லாம இருப்பானுங்களா இருக்கும்” என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

பதில் தெரியாத பொண்ணுக்குச் சம்பளம் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று ஷெட்டில் வந்து நக்கலடித்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. திங்கட்கிழமை காலை டிரிப் முடிந்ததும் எல்லா டிரைவர்களையும் உட்கார வைத்து, டீ சொல்லி, “என்னப்பா, என்ன பிரச்சனை, சொல்லுங்க” என்று கேட்க ஆரம்பித்தேன். முதல் வாரம் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், “அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டது எனக்கே கேட்டது. இன்னொருத்தன், “இன்னைக்கு டியூஷன்ல வீட்டுப்பாடமாண்ணே?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டீயைக் குடித்தேன்.

அவர்களைப் பேச வைத்தது நான் இல்லை, என் மாப்ள. உறவுமுறையெல்லாம் கிடையாது, ஒரே வருஷத்தில் டிரைவராகச் சேர்ந்த பழக்கத்தில் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். குன்றாண்டார்கோவில் தாண்டி உள்ளே போகிற ரூட் அவருடையது. இன்சார்ஜ் வேலை அவருக்குப் போயிருக்க வேண்டியது. எனக்கு வந்தபோது முதலில் கை தட்டியவர் அவர்தான். அன்றைக்கும் அவர்தான் எழுந்து, “அவன்தான் மெனக்கெட்டுக் கேக்குறான்ல, சொல்லுங்கடா” என்றார். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு வண்டியில் பிரேக் இழுக்கிறது. ஒருத்தருக்கு ராத்திரிப் பார்வை மங்குகிறது. குடுமியான்மலை ரூட்டில் ஒரு திருப்பத்தில் எதிரே லாரி வருவது தெரிவதே இல்லை. எனக்குத் தெரியாமல் இத்தனை ஆபத்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். இனிமேல் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். தாளாளர் என்னைப் பார்த்து, “ஆளே மாறிட்டீங்க” என்றார். உண்மையாகவே மாறித்தான் போயிருந்தேன், அதுவரைக்கும் நல்லபடியாகத்தான்.

கார்த்திகை பிறந்ததும் மாப்ள மாலை போட்டுக்கொண்டார். அவர் மகன் சிங்கப்பூருக்குப் போய் வேலை அமையாமல் தவித்த வருஷம் அது. அதனால் விரதம் கடுமையாக இருந்தது. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், சாயந்தரம் பஜனை, தரையில் படுக்கை, மத்தியானப் பூசை முடிந்த பிறகு ஒருவேளைச் சோறு. அவர் சர்க்கரைக்காரர். காலையில் மாத்திரையை விழுங்கி, கையோடு நாலு இட்லியை உள்ளே தள்ளினால்தான் அவர் வண்டி நகரும் என்று எல்லாரும் கேலி பேசுவோம். இப்போது இட்லி நின்றுவிட்டது. மாத்திரை நிற்கவில்லை. இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

தோன்றாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாலை போட்டவர் மாப்ள இல்லை, சாமி. நானும் மலைக்குப் போனவன்தான், அதனால் அந்தக் கணக்கு எனக்கு உள்ளுக்குள் ஊறியது. பெற்ற தகப்பனே ‘வாங்க சாமி’ என்றுதான் கூப்பிடுவார், சாமியும் எதிரே நிற்பவரைச் ‘சாமி’ என்பார். வயதில் மூத்தவர்கள் காலைத் தொடுவார்கள். சாமியை யாரும் குறை சொல்வதில்லை, மறித்துப் பேசுவதில்லை. நான் மாலை போட்டிருந்த வருஷம் என் பெண்டாட்டிகூட என்னிடம் சண்டை போடவில்லை, எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது ஒரு அதிசயம்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. சாமியின் ரூட்டில் ஒரு பெரிய கண்மாய் இருக்கிறது. ஊர்களுக்குப் போகும் தார் ரோடு அதன் கரைமேல்தான் ஓடும். இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போக வேண்டிய அகலம். பள்ளிக்கு வரும்போது இடது கைப் பக்கம் தண்ணீர், வலது கைப் பக்கம் வயல் பள்ளம். வழக்கமாகக் கண்மாயில் ஆடு மேயும். அந்தக் கார்த்திகையில் நீர் கரையின் தோள் வரைக்கும் ஏறி, கருவேலமரங்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. கண்மாய் நிறைந்து கலிங்கு பாய்கிறது என்று ஊரெல்லாம் சந்தோஷம். நான் ஒருதரம் பார்க்கப் போனேன். விடியற்காலைப் பனியில் தண்ணீர் எங்கே முடிகிறது, ரோடு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. வண்டியை நிறுத்தாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் ஷெட்டில் நிற்கும்போது சாமியின் வண்டியில் இடது பக்கம் முழுக்கக் கோடு கோடாகக் கீறல் விழுந்திருப்பதைப் பார்த்தேன். தகரத்தில் ஒரு கருவேலமுள் ஒடிந்து குத்தி நின்றது. அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். கருவேலமரம் கரைமேல் இல்லை, தண்ணீர்ப் பக்கச் சரிவில் இருக்கிறது. வண்டி ரோட்டில் வந்தால் முள் தொடாது. அன்றைக்குச் சாமி இறங்கி வரும்போது அவர் சட்டை கழுத்தோரம் நனைந்திருந்தது. பனிக்காலக் காலையில் அப்படி வேர்வை.

பழைய நானாக இருந்தால் கத்தியிருப்பேன். புதிய நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“சாமி, வண்டி ஓட்ட ஏதும் செரமமா இருக்கா?”

“இல்ல சாமி.”

“கண்ணு கிண்ணு அசத்துதா? கீறல் விழுந்திருக்கே.”

“பனி சாமி. ஐயப்பன் பாத்துக்குவாரு.”

சிரித்துக்கொண்டு போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பொதுவாகக் கேட்டேன், “யாருக்காச்சும் வேற எதுவும் சொல்லணுமா?” ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிரேக்கைப் பற்றியும் திருப்பத்தைப் பற்றியும் அத்தனை பேசியவர்கள் டீ டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கறுப்பு வேட்டியில் இருந்தார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டேன், என் கடமை தீர்ந்தது என்று எழுந்தேன்.

அந்த வாரம் கோச் மேடம் வந்தார். நான் கத்தாமல் எவ்வளவு பதவிசாக விசாரித்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை ஒளிக்கவில்லை.

“அவர் என்ன பதில் சொன்னாரு?” என்றார்.

“ஐயப்பன் பாத்துக்குவாருன்னாரு.”

“அதுக்கப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க?”

“டீ குடிச்சேன்.”

அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பதிலை நீங்க நம்புனீங்களா?”

“நம்புறனோ நம்பலையோ, கேக்கணும்னு சொன்னது நீங்கதானங்க. கேட்டேன்.”

“ஆமா, கேட்டீங்க” என்றார். “முன்னாடி கத்திட்டு, பாக்காமப் போயிடுவீங்க. இப்ப கேட்டுட்டு, பாக்காமப் போறீங்களா?”

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து ஒரு கம்ப்யூட்டரில் இடித்தது. கத்தாதே என்றார்கள், நிறுத்தினேன். கேளு என்றார்கள், கேட்டேன். இப்போது அதுவும் குற்றம். உள்ளூர்ச் சாமி சமாச்சாரம் இவருக்கு என்ன தெரியும், திருச்சியில் உட்கார்ந்துகொண்டு பேசலாம் என்று முணுமுணுத்தபடி வெளியே வந்துவிட்டேன். ஷெட்டுக்குப் போனால், அந்த வண்டியின் இடது பக்கத்தில் பழைய கீறலுக்கு மேலே புதுக் கீறல். சக்கரத்தின் இடுக்கில் ஈரக் களிமண்ணோடு புல் அப்பியிருந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் விடியலில் என் பைக்கில் அந்த ரூட்டுக்குப் போனேன். கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் டீக்கடையில் பைக்கை நிறுத்திவிட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக ஸ்டாப்பில் நின்றேன். வண்டி வந்தது. சாமி என்னைப் பார்த்ததும், “என்ன சாமி, இங்கிட்டு?” என்றார். டயர் சத்தம் கேட்க வந்தேன் என்று ஏதோ உளறி ஏறிக்கொண்டேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காரும் பெண்மணி அவர். என்னிடம் எதையோ சொல்ல வாயெடுத்து, சாமியின் முதுகைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கரை ஏறும்வரை ஒன்றும் இல்லை. பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள், இருவர் பிஸ்கட்டுக்குச் சண்டை போட்டார்கள். வண்டி கரையில் ஏறியதும் ஆயாம்மா எழுந்து, கையைத் தட்டி, “ம், சொல்லுங்க” என்றார். பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து, “சாமியே!” என்று கத்தினார்கள்.

“சரணம் ஐயப்பா” என்றார் சாமி.

ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் பனி, அதற்குள் கருவேலமரத் தலைகள். மறுபடியும் “சாமியே!” என்றார்கள். பதில் வந்தது, கொஞ்சம் தாமதமாக. ஆயாம்மா பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை. அவர் கண் முன்னால் மாட்டியிருந்த கண்ணாடியில் தெரிந்த டிரைவரின் முகத்திலேயே இருந்தது. மூன்றாம் தடவை பதில் வரவில்லை. ஆயாம்மா உள்ளங்கையால் சீட்டின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “ஐயப்பா” என்று பாதிச் சொல் மட்டும் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது தினமும் நடக்கும் விளையாட்டு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இது பக்தியில் போட்ட சரணம் இல்லை. டிரைவர் முழித்திருக்கிறாரா என்று பார்க்கப் போட்ட சரணம்.

இடது பக்கத் தகரத்தில் முள் கிரீச்சென்று இழுத்தது. நான் முன்னால் பாய்ந்தேன். சாமியின் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அது எதையும் பார்க்கவில்லை. கன்னத்தில் வேர்வை வழிந்தது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் ஒடித்தேன், மறு கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வண்டி இருமி நின்றது. இடது சக்கரத்தின் அடியிலிருந்து மண் சரிந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் இன்னும் சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆயாம்மா ஒரு பாட்டிலைச் சாமியின் வாயில் வைத்தார். “துளசித் தண்ணி சாமி, குடிங்க” என்றார். குடித்தார். கொஞ்ச நேரத்தில் பார்வை திரும்பியது. வெறும் வயிற்று மாத்திரையில் இறங்கிய சர்க்கரையை ஏற்ற, குளுக்கோஸ் கலந்த தண்ணீர் அது. தினமும் அப்படிச் சொல்லித்தான் கொடுப்பாராம், அன்றைக்கு ஏனோ காலையில் சாமி வாங்கிக்கொள்ளவில்லையாம். நான் கத்தவில்லை.

“சாமி, சாவியக் குடுங்க” என்றேன்.

“எதுக்கு?”

“நீங்க வண்டி ஓட்ட வேணாம்.”

“சாமிய எறக்கி விடுறியா மாப்ள?” என்றார். மாலை போட்டதிலிருந்து அவர் என்னை மாப்ள என்று கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் போகக் கூடாது என்று பார்த்தேன். “ஆமா” என்றேன்.

அவரே எழுந்தார். பிள்ளைகளின் சீட்டில், ஜன்னலோரம், குனிந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் அவரிடம், “தாத்தா, ஏன் நீங்க ஓட்டல?” என்று கேட்டது. நான் வண்டியை ஓட்ட, பள்ளி வரும்வரை அவர் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

வண்டி நின்றதும் அவரை இறக்கி உட்கார வைத்துவிட்டு, ஆயாம்மாவை ஓரமாகக் கூப்பிட்டேன். “ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் கத்துறத விட்டுட்டேனே. கூட்டம் போட்டு எல்லாரையும் கேக்குறேனே.”

“டிரைவருங்களக் கேக்குறீங்க” என்றார் அவர். “எங்கள எங்க சார் கூப்புட்டீங்க? அதுவும் சாமியப் போயி நான் எப்படிக் குத்தஞ் சொல்றது? புள்ளைகளச் சத்தம் போடச் சொல்லி ஒப்பேத்திக்கிட்டு வந்தேன்.”

கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. வண்டிக்குள் தினமும் உட்கார்ந்து வருகிற பெண்களை விட்டுவிட்டு, யாரிடமோ கேட்டுக்கொண்டு நான் மாறிவிட்டதாக நினைத்திருக்கிறேன்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் சேதி எல்லா ரூட்டுக்கும் பரவியது. சாமியைப் பிள்ளைகள் முன்னால் வண்டியை விட்டு இறக்கிவிட்டான். கண்மாய், முள், வேர்வை எதுவும் அந்தச் சேதியில் இல்லை. திங்கட்கிழமை யாரும் கூட்டத்துக்கு வரவில்லை. டீ ஆடை கட்டிப் போயிற்று. கறுப்பு வேட்டிகள் என்னைக் கடக்கும்போது பேச்சு நின்றது. ஒருத்தன் மட்டும், “சாமி குத்தம் சும்மா விடாதுண்ணே, சூதானமா இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம், அவன் உண்மையான அக்கறையோடு சொன்னான். தாளாளர், “கொஞ்சம் நாசூக்காச் செஞ்சிருக்கலாம்” என்றார்.

நான் பயந்தேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மலைக்குப் போய் அழுது கும்பிட்டுவிட்டு வந்தவன் நான். செய்தது சரி என்று புத்திக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. அந்த ரூட்டை நானே ஓட்டினேன். தினமும் விடியலில் கரை ஏறும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும். வீட்டில் பெண்டாட்டி தோசைக்கல்லில் கையைச் சுட்டுக்கொண்டாள், அதற்கும் நான்தான் காரணம் என்று நினைத்தேன். வண்டி பஞ்சர், மகளுக்குக் காய்ச்சல், வாசலில் பாம்பு, எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று கோத்து நானே எனக்குச் சுருக்குப் போட்டுக்கொண்டேன். சாமி வேலைக்கு வரவில்லை. விரதத்தை விடாமல் வீட்டில் இருக்கிறார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். இன்சார்ஜ் வேலையே வேண்டாம், பழையபடி ஒரு ரூட்டைக் கொடுங்கள் என்று கேட்டுவிடலாம் என்றுகூட யோசித்தேன்.

கோச் மேடம் வந்தபோது அதைத்தான் சொன்னேன். “எல்லாம் போச்சுங்க. ஒருத்தன் பேச மாட்டேங்குறான்.”

“அந்த வண்டியில பிள்ளைங்க எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.

“அவங்களுக்கென்ன. அடிச்சுக்குறாங்க, தூங்குறாங்க.”

“கரையில சரணம் சொல்றாங்களா?”

“இல்ல” என்றேன். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். அவர் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என் பக்கம் தள்ளினார். அன்றைக்கு வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அதற்கு மறுநாள் காலை டிரிப் முடிந்து ஷெட்டில் நிற்கிறேன். டிரைவர்கள் எல்லாரும் இருந்தார்கள். சாமியின் மனைவி வாசலில் வந்து நின்றார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சிரைத்தது. வலது கையை இறுக்கி மூடி வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் வயிறெரிந்த பெண் கையை மூடிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், உள்ளே மண் இருக்கும். அதை வாரித் தூற்றிவிட்டுத்தான் போவாள். டிரைவர்கள் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த இடத்தைவிட்டு ஒதுங்கினார்கள். நான் ஒதுங்கவில்லை. தூற்றட்டும் என்று நின்றேன்.

அவர் நேராக வந்து என் முன்னால் கையை விரித்தார். உள்ளே ஒரு பைக் சாவி இருந்தது.

“சாயந்தரம் பஜனைக்கு இதுலதான் போறாருங்க” என்றார். “எம் மகளையும் பின்னாடி ஏத்திக்கிட்டு. அதே கரையிலதான். நேத்து ரெண்டு பேரும் முள்ளுக்குள்ள விழுந்து கெடந்தாங்க. நான் மறிச்சா சாமிய மறிச்ச பாவம் எங் குடும்பத்துக்கு வந்துரும்னு பயமா இருக்கு. ஒங்களுக்குத்தான் அந்தப் பாவம் முன்னாடியே வந்திருச்சே. இதையும் நீங்களே வச்சுக்கங்க.”

அவர் கையெல்லாம் முள் கிழித்த கீறல். மகளை முள்ளிலிருந்து எடுத்தது அவராக இருக்க வேண்டும். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

“அவரு எங்கம்மா இப்ப?”

“பூசையில இருக்காரு. முடிச்சு எந்திரிச்சதும் சாவியத் தேடுவாரு.”

சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“தேடுனா, நான் வந்து எடுத்துட்டுப் போயிட்டேன்னு சொல்லும்மா” என்றேன். “பாவம் எம் பேர்லயே இருக்கட்டும். பூசை முடியிறதுக்குள்ள நானே அங்க வாரேன்.”

அதுவரை அழாமல் நின்ற அந்தப் பெண் அப்போதுதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.